டெய்லர் சொன்ன தேதி

வீட்டில் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களிடையே ஒரு சூத்திரம் பாட்டி வைத்தியம் மாதிரி கைமாறி வந்திருக்கிறது. 'விர்ச்சுவல் மெமரியை ராமைப் போல ஒன்றரை மடங்கு வை.' யார் சொன்னது என்று கேட்டால் அசெம்பிள் பண்ணிக் கொடுத்த பையன் சொன்னான் என்பார்கள். அவனுக்கு யார் சொன்னது என்றால் ரிச்சி தெருவில் யாரோ. ஏன் ஒன்றரை, ஏன் ஒன்றேமுக்கால் இல்லை என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. 2001-ல் வந்த விண்டோஸ் எக்ஸ்பியே ராமில் ஒன்றரை மடங்கில் ஆரம்பித்து, மூன்று மடங்கு வரை போக இடம் வைத்துக்கொண்டது. 128 எம்.பி. ராம் இருந்த வீட்டில் அது 192 எம்.பி. அன்றைக்குச் சரி. இன்றைக்கு 16 ஜி.பி. ராம் உள்ள மெஷினில் அதே வாய்ப்பாட்டைப் போட்டால் 24 ஜி.பி. டிஸ்க் போகும்.

யோசித்தால் சூத்திரமே தலைகீழ். ராம் குறைவாக இருப்பவருக்குத்தான் வெளியே கைமாற்று அதிகம் தேவை. இதுவோ, 'உன்னிடம் எவ்வளவுக்கெவ்வளவு பணம் இருக்கிறதோ, அவ்வளவுக்கவ்வளவு கடன் வாங்கு' என்கிறது. விண்டோஸின் குடல்வரை அறிந்தவரான மார்க் ருசினோவிச் 2008-ல் இதைப் பற்றி விலாவாரியாக எழுதினார். ராமைப் பெருக்காதீர்கள், உங்கள் மெஷினில் ஓடும் புரோகிராம்கள் உச்சக்கட்டமாக எவ்வளவு கேட்கின்றன என்று பாருங்கள் என்பது அவர் கட்சி.

எதிர்க்கட்சியும் ஒன்று உண்டு. "சார், அதான் 16 ஜி.பி. ராம் இருக்கே, பேஜ் ஃபைலே வேணாம், எடுத்துடுங்க. ஸ்பீடா இருக்கும்." இதற்கும் விண்டோஸில் வழி வைத்திருக்கிறார்கள். சிஸ்டம், அட்வான்ஸ்டு, பெர்ஃபார்மன்ஸ் என்று நாலைந்து ஜன்னல்களைத் திறந்துகொண்டே போனால் கடைசியில் ஒரு சின்னப் பெட்டி வரும். 'நானே பார்த்துக்கொள்கிறேன்', 'நீ சொல்லும் அளவு', 'பேஜ் ஃபைலே கிடையாது' என்கிற மாதிரி சில தேர்வுகள். அதில் எதை டிக் அடிக்கிறீர்கள் என்பது பார்வைக்கு டெக்னிக்கல் சமாசாரம். உள்ளே போய்ப் பார்த்தால் தத்துவக்காரர்கள் ரொம்ப நாளாக மண்டையை உடைத்துக்கொள்ளும் ஒரு கேள்வி உட்கார்ந்திருக்கிறது. கையில் இருப்பதைவிட அதிகமாக வாக்குக் கொடுக்கலாமா?

முதலில் இந்த ஏற்பாடு எப்படி வந்தது என்று சுருக்கமாக. 1962 டிசம்பரில் இங்கிலாந்தில் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் அட்லஸ் என்ற கம்ப்யூட்டரைத் திறந்து வைத்தார்கள். அதன் வேகமான நினைவகத்தில் 16,384 சொற்கள்தான் பிடிக்கும். மெதுவாக இயங்கும் காந்த உருளைகளில் 98,304 சொற்கள். (சொல் என்றால் இங்கே 48 பிட்.) அதற்கு முன்பெல்லாம் புரோகிராம் எழுதுகிறவரே தன் புரோகிராமைத் துண்டு துண்டாக வெட்டி, எந்தத் துண்டு எப்போது உள்ளே வர வேண்டும், எது வெளியே போக வேண்டும் என்று கையால் எழுதியாக வேண்டும். சின்ன மேடையில் பெரிய நாடகம் போடுகிற கஷ்டம். அட்லஸை வடிவமைத்த டாம் கில்பர்னும் அவர் சகாக்களும் அந்தக் கவலையை மெஷினிடமே ஒப்படைத்தார்கள். எழுதுகிறவரிடம், 'எல்லாம் ஒரே பரப்பு, தாராளமாக உபயோகித்துக்கொள்' என்று சொல்லிவிட்டு, 512 சொற்கள் கொண்ட பக்கங்களாக மெஷினே உள்ளே வெளியே மாற்றிக்கொண்டது.

தமிழில் இதற்கு 'மெய்நிகர் நினைவகம்' என்று கலைச்சொல் வைத்திருக்கிறார்கள். நல்ல சொல். மெய்க்கு நிகர் என்கிறதே தவிர மெய் என்று சொல்லவில்லை, கவனியுங்கள்.

எக்ஸ்பி காலத்தில் ஒவ்வொரு புரோகிராமிடமும் 'உனக்கு 2 ஜி.பி. பரப்பு' என்று சொல்லப்பட்டது. பத்து புரோகிராம் ஓடினால் 20 ஜி.பி. நிஜத்தில் வீட்டில் இருப்பது 128 எம்.பி. இது பொய்யா? இல்லை என்றுதான் சொல்வேன். ஹைவேயில் பொட்டல் காட்டில் லே-அவுட் போட்டு, 400 மனைக்கும் கல் நட்டு நம்பர் எழுதி வைத்திருப்பார்கள். நம்பர் இருப்பதால் அங்கே வீடு இருக்கிறது என்று யாரும் நினைப்பதில்லை. வெறும் முகவரி. விண்டோஸில் முகவரியை எடுத்து வைத்துக்கொள்வது ஒரு காரியம். அதற்கு 'ரிசர்வ்' என்று பெயர், செலவே இல்லை. 'இந்த முகவரியில் நிஜமாகவே சாமான் வைக்கப் போகிறேன், இடத்துக்கு உத்தரவாதம் கொடு' என்று கேட்பது இன்னொரு காரியம். அதன் பெயர் 'கமிட்'. வாக்கு என்பது இந்த இரண்டாவதில்தான் வருகிறது. பிரச்னையும்.

தீபாவளிக்கு மூன்று வாரம் முன்னால் டெய்லர் கடைக்குப் போன அனுபவம் உண்டா? ரெடிமேட் தலைமுறைக்கு இருக்காது, அப்பாவிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளவும். டெய்லர்களில் இரண்டு ஜாதி. ஒருவர், மெஷின்கள் எத்தனை, காஜா எடுக்க ஆள் எத்தனை, இன்னும் எத்தனை நாள் என்று கணக்குப் போட்டு, அந்த எண்ணிக்கை வந்ததும் 'தீபாவளி ஆர்டர் முடிந்தது' என்று அட்டையில் எழுதிக் கதவில் மாட்டிவிடுவார். எவ்வளவு கெஞ்சினாலும் அளவெடுக்க மாட்டார். இன்னொருவர் எல்லோரிடமும் ஒரே வசனம்தான் பேசுவார்: "துணிய வெச்சுட்டுப் போங்க சார், வெள்ளிக்கிழமை வாங்கிக்கலாம்."

இரண்டாமவரை மோசடிக்காரர் என்று சொல்லிவிட முடியாது. அவருக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. நூறு பேர் துணி கொடுத்தால் எல்லோரும் வெள்ளிக்கிழமையே வந்து நிற்க மாட்டார்கள். சிலர் ஊருக்குப் போய்விடுவார்கள், சிலர் கடையில் வேறு சட்டை வாங்கிப் போட்டுக்கொண்டு பொங்கலுக்கு வந்து வாங்கிக்கொள்வார்கள். வருடா வருடம் பார்த்த அனுபவம். முக்கால்வாசி வருடங்கள் எல்லோருக்கும் சட்டை கிடைத்துவிடுகிறது. அட்டை மாட்டியவர் திருப்பி அனுப்பிய இருபது பேருக்கும் சேர்த்து இவர் தைத்துக் கொடுத்திருக்கிறார். சமூக நலன் என்று பார்த்தால் இவருக்குத்தான் மார்க் அதிகம்.

விண்டோஸ் முதல் டெய்லர். ராம், பேஜ் ஃபைல் இரண்டையும் கூட்டி வைத்துக்கொள்கிறது. எல்லாப் புரோகிராம்களுக்கும் கொடுத்த வாக்குகளின் மொத்தம் அந்தக் கூட்டுத்தொகையைத் தாண்டுவதாக இருந்தால், கேட்கிற நிமிடத்திலேயே 'கிடையாது' என்று சொல்லிவிடும். லினக்ஸ் சாதாரணமாக இரண்டாவது டெய்லர். கொஞ்சம் அநியாயமாகக் கேட்டால் மட்டும் மறுக்கும். மற்றபடி கேட்டதற்கெல்லாம் சரி. நிஜ இடத்தை நீங்கள் தொடும்போதுதான் தேடிப் பிடித்துக் கொடுக்கும். அதில் ஒரு திருகாணியும் வைத்திருக்கிறார்கள்: 0 என்றால் உத்தேசமாகக் கொடு, 1 என்றால் கண்ணை மூடிக்கொண்டு கொடு, 2 என்றால் அட்டை மாட்டு. அறவியலை மூன்று எண்களில் அடக்கிவிட்டார்கள்.

லினக்ஸுக்கு நியாயமான காரணமும் உண்டு. அங்கே ஒரு புரோகிராம் இன்னொன்றைக் கூப்பிட வேண்டுமென்றால், முதலில் தன்னையே அச்சாக ஒரு நகல் எடுத்துக்கொள்ளும், பிறகு நகல் வேறு வேஷம் போட்டுக்கொள்ளும். 6 ஜி.பி. பிடித்திருக்கும் ஒரு புரோகிராம் சின்னதாக ஒரு கட்டளையை ஓட்ட நினைத்தால், காகிதக் கணக்கில் இன்னொரு 6 ஜி.பி. உத்தரவாதம் வேண்டும். நிஜத்தில் அந்த நகல் ஒரு கணம்தான் உயிரோடிருக்கும், அதில் ஒரு துளியைத்தான் தொடும். கண்டிப்பாகக் கணக்குப் பார்த்தால் பாதி வேலை நடக்காது.

இம்மானுவேல் கான்ட் 1785-ல் வெளியிட்ட ஒரு சின்னப் புத்தகத்தில் இதைப் போல ஓர் உதாரணம் வருகிறது. பணமுடையில் இருப்பவன் ஒருவன், திருப்பித் தர முடியாது என்று தெரிந்தே, திருப்பித் தருகிறேன் என்று சொல்லிக் கடன் வாங்குகிறான். எல்லோரும் இப்படிச் செய்தால் வாக்கு என்ற சமாசாரமே செத்துவிடும், எவனும் எவனையும் நம்பிக் காலணா தர மாட்டான். ஆகவே தப்பு. கான்ட்டிடம் நம்முடைய இரண்டாவது டெய்லரைக் கொண்டுபோய் நிறுத்தினால் அவர் கொஞ்சம் திணறியிருப்பார் என்று நினைக்கிறேன். காரணம், டெய்லருக்கு 'முடியாது' என்று தெரியாது. தனித்தனியாக எடுத்துக்கொண்டால் ஒவ்வொருவரிடமும் அவர் சொன்னது அநேகமாக நடக்கப் போகிற விஷயம். நூறையும் கூட்டினால்தான் நடக்காது. நூறு உண்மைகளைக் கூட்டினால் ஒரு பொய் வருகிறது. எந்த இடத்தில் அது நுழைந்தது?

டேவிட் மேக்கின்சன் என்ற தத்துவ அறிஞர் 1965-ல் இதே முடிச்சை வேறு வடிவில் போட்டார். ஓர் ஆசிரியர் புத்தகம் எழுதுகிறார். ஒவ்வொரு வாக்கியத்தையும் சரிபார்த்து நம்பித்தான் எழுதியிருக்கிறார். முன்னுரையில் மட்டும், 'இதில் பிழைகள் இருக்கக்கூடும், அவை என்னுடையவை' என்கிறார். ஒவ்வொன்றும் சரி என்று நம்புகிறார், எல்லாம் சேர்ந்து சரியில்லை என்றும் நம்புகிறார். இரண்டும் நியாயமான நம்பிக்கைகள்தான். ஒன்றோடு ஒன்று ஒட்டவில்லை, அவ்வளவுதான். லினக்ஸ் இந்த முன்னுரை எழுதும் ஆசிரியரைப் போல. ஒரு வித்தியாசம், ஆசிரியரின் பிழையால் யாரும் சாவதில்லை.

லினக்ஸில் சாவு விழும். எல்லோரும் ஒரே சமயத்தில் வெள்ளிக்கிழமை வந்து நின்றுவிட்டால், கொடுத்த வாக்கைக் காப்பாற்ற இடமில்லை, வாபஸ் வாங்கவும் முடியாது. அப்போது ஓ.ஓ.எம். கில்லர் என்கிற பகுதி விழித்துக்கொள்ளும். பெயரிலேயே கில்லர். ஓடிக்கொண்டிருப்பவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துத் தீர்த்துவிட்டு, அதன் இடத்தை மற்றவர்களுக்குப் பகிர்ந்து கொடுக்கும். யாரைத் தேர்ந்தெடுப்பது? இதை எழுதியவர்கள் பழைய பதிப்பில் புரோகிராமுக்கு நடுவே குறிப்பாகத் தங்கள் கொள்கையை எழுதி வைத்தார்கள். வீணாகும் உழைப்பு குறைவாக இருக்க வேண்டும். திரும்பக் கிடைக்கும் இடம் அதிகமாக இருக்க வேண்டும். மெமரியைத் தின்னாத அப்பாவியைத் தொடக் கூடாது. ஒன்றைக் கொன்றாலே போதும் என்று பார்க்க வேண்டும். கடைசியாக, உபயோகிப்பவர் எதை எதிர்பார்ப்பாரோ அதைத்தான் கொல்ல வேண்டும். அப்பாவி என்று மெய்யாகவே எழுதியிருந்தார்கள். கம்ப்யூட்டர் புத்தகங்களில் இந்த மாதிரி வார்த்தை தென்படுவது அபூர்வம்.

அந்தப் பழைய கணக்கில், ரொம்ப நேரமாக ஓடுகிறவற்றுக்குச் சலுகை உண்டு. அதிகாரம் உள்ளவரின் புரோகிராமுக்கும் சலுகை. 'எனக்கு அவசரமில்லை' என்று அடக்கமாக ஒதுங்கி நின்றவற்றுக்கு, பாவம், தண்டனைப் புள்ளி இரட்டிப்பு. சர்வீஸும் அந்தஸ்தும் பார்த்து ஆட்குறைப்பு செய்கிற ஆபீஸ் ஞாபகம் வருகிறதல்லவா? 2010-ல் இதைத் திருத்தி எழுதினார்கள். பெரும்பாலும் யார் அதிகம் பிடித்திருக்கிறாரோ அவர் என்று எளிமையாக்கினார்கள். ஆனால் இன்னொரு வாசகம் பல வருடங்கள் நீடித்தது. ஆள் விழுந்ததும் பதிவேட்டில் எழுதும் வரியில், இன்ன புரோகிராமைக் கொல், 'அல்லது குழந்தையைப் பலி கொடு' என்று வரும். குழந்தை என்றால் அந்தப் புரோகிராம் பெற்றெடுத்த துணைப் புரோகிராம்தான், பயப்பட வேண்டாம். பிறகு எடுத்துவிட்டார்கள். ராத்திரி இரண்டு மணிக்குத் தனியாக உட்கார்ந்து அந்த வரியைப் படித்தவர்கள் என்ன நினைத்தார்களோ.

இதில் எனக்குப் பிடித்த விதி ஒன்று இருக்கிறது. எந்தப் புரோகிராமும் தன் பலிப் புள்ளியைத் தானே ஏற்றிக்கொள்ளலாம். 'ஆபத்து வந்தால் முதலில் என்னை எடுத்துக்கொள்' என்று சொல்ல யாருடைய அனுமதியும் தேவையில்லை. இறக்கிக்கொள்வதற்கு மட்டும் மேலிடத்து அதிகாரம் வேண்டும். லினக்ஸில் க்ரோம் பிரௌசர் தன் ஒவ்வொரு டேபுக்கும் இப்படித்தான் புள்ளியை ஏற்றி வைக்கிறது. தலை தப்பினால் போதும், டேப் போனால் மறுபடி திறந்துகொள்ளலாம் என்கிற ஏற்பாடு. நம் ஊர்ப் பாஷையில் நேர்ந்துவிட்ட கிடா.

எவ்வளவு நியாயமாகத் தேர்ந்தெடுத்தாலும் ஒரு குறை தீராது. கடைசியாக ஒரு வாய் தண்ணீர் கேட்டவன் ஒருவன், தலை போவது இன்னொருவனுக்கு. அதிக இடம் பிடித்திருப்பது பெரும்பாலும் நீங்கள் நிஜமாகவே வேலை செய்துகொண்டிருப்பதுதான். பெண் கல்யாண வீடியோவை மூன்று மணி நேரமாக வெட்டி ஒட்டிக்கொண்டிருப்பீர்கள். பின்னணியில் ஏதோ ஒரு அப்டேட் எட்டிப் பார்க்கும். வீடியோ காலி. அந்த வீடியோ புரோகிராம் கேட்டது, சரி என்று சொன்னார்கள், நம்பி வேலையை ஆரம்பித்தது. அது செய்த தப்பு என்ன?

அப்படியானால் அட்டை மாட்டும் டெய்லர்தான் உத்தமர் என்று சொல்லத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். மொபசல் பஸ் நிலையத்தில் பஸ் உள்ளே வரும்போதே ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்பார்கள். பஸ் கிளம்பும் நேரத்தில் பாதி சீட்டில் துண்டுதான் உட்கார்ந்திருக்கும், கைக்குழந்தையோடு ஒருத்தர் நின்றுகொண்டிருப்பார். விண்டோஸின் கண்டிப்பு இந்த இடத்துக்குப் போய்ச் சேரலாம். 16 ஜி.பி. ராம், பேஜ் ஃபைலை எடுத்தாகிவிட்டது. பிரௌசரும் ஒரு கேமும் சேர்ந்து 15 ஜி.பி.க்கு மேல் உத்தரவாதம் வாங்கி வைத்திருக்கின்றன, உபயோகிப்பது என்னவோ 9. மற்றதெல்லாம் துண்டு. நீங்கள் ஒரு கடிதத்தை அடித்து முடித்து சேமிக்கப் போகிறீர்கள். அந்தப் புரோகிராம் கொஞ்சம் இடம் கேட்கிறது. வாக்குக் கணக்கு நிரம்பிவிட்டது, கிடையாது. அந்த நேரத்தில் ராமில் ஐந்தாறு ஜி.பி. சும்மா கிடக்கும். 'மெமரி இல்லை என்கிறான், இங்கே பார்த்தால் பாதி காலியாக இருக்கு' என்று பலர் குழம்புவது இந்தக் காட்சியில்தான். பொய் சொல்லவில்லை, யாரையும் கொல்லவுமில்லை. ஆனால் கேட்ட நேரத்தில் இருப்பதைக் கொடுக்காத கஞ்சத்தனம். அதுவும் அடிபடுவது கடைசியாக வந்த அப்பாவி.

இங்கேதான் பேஜ் ஃபைலுக்கு வருகிறேன். ராம் போதாதபோது டிஸ்கை உபயோகித்துக்கொள்ள ஒரு மாற்று இடம் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். அது பாதிதான். விண்டோஸில் அதன் இன்னொரு வேலை ஜாமீன் நிற்பது. 10 ஜி.பி. பேஜ் ஃபைல் இருந்தால் வாக்குக் கொடுக்கும் வரம்பு 26 ஜி.பி. ஆகிறது. துண்டு போட்டவர்களுக்கெல்லாம் தாராளமாகச் சரி என்று சொல்லலாம். அவர்கள் எல்லோரும் ஒருநாள் நிஜமாகவே வந்து உட்கார்ந்தாலும், சுகமான சீட் இல்லாவிட்டாலும் பலகை ஒன்றாவது போடலாம். ஆகவே சொன்னது பொய்யில்லை. அநேகமாக யாரும் வர மாட்டார்கள், பேஜ் ஃபைலில் பெரும்பகுதி காலியாகவே கிடக்கும். 'பத்து ஜி.பி. வேஸ்ட்' என்று சொல்கிறவர்கள் அதைப் பார்த்துத்தான் சொல்கிறார்கள். லாக்கரில் இருக்கும் நகை கழுத்தில் இல்லை என்பதால் வேஸ்ட் என்று சொல்வோமா?

வங்கிகள் இந்தப் பாடத்தைப் பெரிய விலை கொடுத்துப் படித்தன. எந்த வங்கியிலும் எல்லோருடைய பணமும் ஒரே சமயத்தில் ரொக்கமாக இருப்பதில்லை, அது தெரிந்த விஷயம். 1906 அக்டோபரில் மெட்ராஸில் அர்பத்நாட் கம்பெனி மஞ்சள் கடுதாசி கொடுத்தபோது, நம்பிச் சேமிப்பைப் போட்ட எத்தனையோ குடும்பங்கள் நடுத்தெருவுக்கு வந்தன. அதில் சூதாட்டமும் கலந்திருந்தது, ஜார்ஜ் அர்பத்நாட்டுக்குப் பதினெட்டு மாதம் கடுங்காவல் கிடைத்தது. அந்தச் சூட்டோடு அடுத்த வருடம் இந்தியன் வங்கி பிறந்தது என்பது தெரிந்த கதைதான். போட்ட பணத்துக்கு இன்ஷூரன்ஸ் என்கிற ஜாமீன் நம் நாட்டில் வந்தது 1962-ல். அட்லஸ் வந்த அதே வருடம். ஆரம்பத்தில் ஒருவருக்கு 1,500 ரூபாய் வரை, 2020-லிருந்து 5 லட்சம் வரை. அந்த நிதியும் பெரும்பாலும் சும்மாதான் இருக்கிறது. யாரும் அதை வேஸ்ட் என்று சொல்வதில்லை.

சரி, நிஜமாகவே எல்லோரும் வந்துவிட்டால்? பேஜ் ஃபைல் ஜாமீன் தொகையைக் கொடுக்கும், மெதுவாக. எவ்வளவு மெதுவாக என்றால், ராமிலிருந்து எடுப்பது ஒரு செகண்ட் என்று வைத்துக்கொண்டால், பழைய சுழலும் ஹார்ட் டிஸ்கிலிருந்து எடுக்க ஒரு நாளுக்கு மேல் ஆகும். இப்போது வரும் எஸ்.எஸ்.டி.யில் கால் மணி நேரம். எக்ஸ்பி காலத்து மெஷின்களில் சிவப்பு விளக்கு விடாமல் எரிய, டிஸ்க் கடகடவென்று அரைபட, மவுஸை நகர்த்தினால் அம்புக்குறி டீ குடித்துவிட்டு வரும். உள்ளே என்ன நடக்கிறதென்றால், ஒரு பக்கத்தைக் கொண்டுவர இன்னொன்றை வெளியேற்றுகிறது, வெளியேற்றியது மறு நிமிடமே தேவைப்படுகிறது, மெஷின் முழுநேரமும் சாமான் ஏற்றி இறக்குவதிலேயே போய்விடுகிறது. பீட்டர் டென்னிங் 1968-ல் இதன் காரணத்தை ஆராய்ந்து எழுதினார். ஒவ்வொரு புரோகிராமுக்கும் அந்தந்த நேரத்துக்கு அத்தியாவசியமான பக்கங்கள் என்று ஒரு தொகுதி உண்டு. அதுகூட உள்ளே இல்லாதபோது அதை ஓடவே விடாதே என்றார்.

தீபாவளிக்கு மறுநாள் கிடைக்கும் சட்டை, காப்பாற்றப்பட்ட வாக்கா? பெரிய சர்வர்களைக் கவனிக்கும் ஆசாமிகள் பலர் 'இல்லை' என்பார்கள். தவழ்ந்து தவழ்ந்து ஓடுவதைவிடச் சட்டென்று செத்துவிட்டு, வேறு மெஷினில் புதிதாகப் பிறப்பது மேல் என்பார்கள். அவர்கள் இடத்தில் அது சரி. அங்கே ஆயிரம் பேர் வெளியே காத்திருக்கிறார்கள், மெஷின் முன்னால் உட்கார்ந்து பார்க்க யாருமில்லை. வீட்டுக் கம்ப்யூட்டர் வேறு. முன்னால் ஒரு ஆள் உட்கார்ந்திருக்கிறார். சேமிக்காத கடிதம் இருக்கிறது, பாதி வெட்டிய வீடியோ இருக்கிறது. மெஷின் திணற ஆரம்பித்ததும் அவருக்கு எரிச்சல் வருகிறது, 'சனியன்' என்கிறார், தேவையில்லாத இரண்டை மூடுகிறார். எதை மூடுவது என்பதை அவரே தீர்மானிக்கிறார். ஓ.ஓ.எம். கில்லர் செய்வதையேதான் அவரும் செய்கிறார், ஆனால் எது அப்பாவி என்று அவருக்குத் தெரியும். பேஜ் ஃபைலின் மந்தகதி வாங்கிக் கொடுப்பது அந்த இரண்டு நிமிட அவகாசத்தைத்தான். என் வோட்டு அதற்கு.

செல்போன்காரர்கள் மூன்றாவதாக ஒரு வழி வைத்திருக்கிறார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆண்ட்ராய்டில் பின்னணிக்குப் போன புரோகிராம் எந்த நேரமும் கொல்லப்படலாம். அது ரகசியமில்லை, புரோகிராம் எழுதக் கற்றுக்கொள்கிறவர்களுக்கு ஆரம்பத்திலேயே சொல்லித் தரும் விஷயம்: 'எப்போது வேண்டுமானாலும் விழலாம், உன் நிலைமையை அவ்வப்போது எழுதி வைத்துக்கொள், திரும்பி வந்தால் அங்கிருந்து தொடரலாம்.' நம் ரயில்வே டிக்கெட் மாதிரி. பல நாடுகளில் விமானக் கம்பெனிகள் சீட்டைவிட அதிகமாக டிக்கெட் விற்றுவிட்டு வாயை மூடிக்கொண்டிருக்கும், வாசலில்தான் தெரியும். ரயில்வேயில் 'வெயிட்டிங் லிஸ்ட் 23' என்று அச்சடித்தே கொடுத்துவிடுவார்கள். ஆர்.ஏ.சி. என்றால் ஓரத்து பெர்த்தை இரண்டு பேர் பகிர்ந்துகொண்டு முழங்காலை மடக்கிக்கொண்டு போக வேண்டும் என்று ஏறுவதற்கு முன்பே தெரியும். இதில் வாக்குத் தவறல் இல்லை, வாக்கே அப்படித்தான். இதை நான் முழுதாக ஏற்றுக்கொள்வதற்கு ஒரு தயக்கம் இருக்கிறது. முன்கூட்டியே சொல்லிவிட்டதனால் கொலை கொலையில்லாமல் போய்விடுமா? எழுதி வைக்கத் தெரியாத பழைய புரோகிராம்கள் நிறைய இருக்கின்றன. டெஸ்க்டாப்பில் அவைதான் அதிகம்.

இனி அந்தச் சின்னப் பெட்டிக்குப் போவதாக இருந்தால், போகும் முன் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பெர்ஃபார்மன்ஸ், மெமரி என்று போங்கள். 'இன் யூஸ்' என்று ஒரு எண் இருக்கும், நிஜமாகப் பிடித்திருக்கும் ராம் அது. எல்லோரும் அதைத்தான் பார்க்கிறார்கள். அதன் பக்கத்தில் 'கமிட்டட்' என்று 11.2/18.9 மாதிரி இரண்டு எண்கள் இருக்கும். முதலாவது இதுவரை கொடுத்த வாக்கு, இரண்டாவது கொடுக்கக்கூடிய வாக்கு. ரொம்ப பிசியான ஒரு நாளில் நீங்கள் திறக்கும் எல்லாவற்றையும் திறந்து வைத்துக்கொண்டு முதல் எண் எங்கே போய் நிற்கிறது என்று பாருங்கள். இரண்டாவதுக்கு ரொம்பக் கீழே நின்றால் எதையும் தொடாதீர்கள், 'விண்டோஸே பார்த்துக்கொள்ளட்டும்' என்ற டிக் இருந்த இடத்திலேயே இருக்கட்டும். டிஸ்க் சின்னது, அளவை நானேதான் வைப்பேன் என்றால், அந்த உச்ச எண்ணிலிருந்து ராமைக் கழித்து வருவதைக் குறைந்தபட்சமாகவும், அதன் இரண்டு மடங்கை அதிகபட்சமாகவும் வைக்கச் சொன்னார் ருசினோவிச். கழித்து ஒன்றும் மிஞ்சவில்லை என்றாலும் பூஜ்யம் வேண்டாம், ஒன்றிரண்டு ஜி.பி.யாவது இருக்கட்டும் என்பது என் கட்சி.

லினக்ஸ் வைத்திருப்பவர்கள் இதே இரண்டு எண்களை 'மெம்இன்ஃபோ' என்ற கோப்பில் பார்க்கலாம். கொடுக்கக்கூடிய வாக்கு ஒரு வரியில், கொடுத்த வாக்கு அதற்கு அடுத்த வரியில். பல மெஷின்களில் கீழே இருக்கும் எண்தான் பெரிதாக இருக்கும். அதை மறைக்காமல் அப்படியே எழுதி வைத்திருக்கிறார்கள்.